காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் குளிர்கால மரங்கள்

ஜெர்மானியப் புனைவிய (ரொமான்டிசிச) ஓவியரான காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (செப்டம்பர் 5, 1774 – மே 7, 1840) வரைந்த நிலக்காட்சி ஓவியங்களில், இலையுதிர்ந்த நிலையில் பனியில் நிற்கும் மரங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஓக் (கருவாலி) மரங்கள் ஆகும். ஃப்ரீட்ரிக்குக்கு முந்திய ஐரோப்பிய நிலக்காட்சிகளில் மரம் பொதுவாகக் காட்சிக்குச் சட்டமிடும் துணைப்பொருளாகவே இருந்தது. இவருடைய ஓவியங்களிலோ அது ஏறத்தாழ ஒரு கதைமாந்தரின் இடத்தைப் பெற்றது. இம்மரங்கள் எதைக் குறிக்கின்றன என்பது பற்றி ஆய்வாளர்களிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. இறப்பு, கிறித்தவத்துக்கு முந்திய பழஞ்சமயம், நெப்போலியனிடம் வீழ்ந்த ஜெர்மானிய நாடுகள், உயிர்த்தெழுதலுக்கான காத்திருப்பு எனப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன.

பின்னணி

ஃப்ரீட்ரிக் பால்டிக் கடலோரத்தில் உள்ள கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரம் சுவீடனின் ஆட்சிக்குட்பட்ட பொமரேனியாவைச் சேர்ந்திருந்தது. தந்தை மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்யும் தொழிலைச் செய்தவர். 1781 இல் தாயை இழந்த ஃப்ரீட்ரிக், 1787 இல் தம்பி யோஹான் கிறிஸ்டோஃபர் உறைபனி உடைந்து நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணெதிரே கண்டார். அப்போது அவருக்கு வயது 13. ஃப்ரீட்ரிக்கைக் காப்பாற்ற முயன்றபோதே தம்பி இறந்தார் என்றும் சிலர் எழுதியுள்ளனர். இவருடைய பனி ஓவியங்கள் அனைத்துக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியையே காரணமாகக் காட்டும் வழக்கம் உண்டு. எனினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஓவியர் செய்த தேர்வுகளை ஒரு விபத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

1794 முதல் 1798 வரை கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் பயின்ற பின்னர் ஃப்ரீட்ரிக் டிரெஸ்டன் நகரில் குடியேறினார். இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் செபியா என்னும் பழுப்பு மையைக் கொண்டே வரைந்தார். 1803 ஆம் ஆண்டளவில் வரைந்த பருவகாலங்கள் பற்றிய செபியாத் தொடரிலேயே குளிர்காலம் இடம்பெற்றுவிட்டது. எண்ணெய் வண்ணத்துக்கு அவர் மாறியது 1807 ஆம் ஆண்டளவில் ஆகும். அவ்வாறு மாறியதும் அவர் வரைந்த முதல் சில ஓவியங்களுள் ஒன்று, பனியில் நிற்கும் மூன்று ஓக் மரங்களின் ஓவியம் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓக் மரமும் குளிர்காலமும்

வெப்பமண்டல வாசகர்களுக்கு ஒரு விளக்கம் இங்கு தேவைப்படலாம். ஓக் இலையுதிர்க்கும் மரமாகும். வட ஜெர்மனியில் இலையுதிர்காலத்தின் இறுதியில் இலைகளை இழக்கும் இம்மரம், ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான் மீண்டும் துளிர்க்கின்றது. அதாவது ஆண்டின் ஏறத்தாழ பாதிக் காலம் அது வெறுங்கிளைகளுடன் நிற்கும். ஆனால் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் குளிர் தொடங்குவதற்கு முன்பே கிளைகளில் உருவாகி மூடிய நிலையில் இருக்கும். எனவே தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, பனியில் நிற்கும் உயிருள்ள ஓக் மரத்தையும் பட்டுப்போன ஓக் மரத்தையும் வேறுபடுத்துவது எளிதன்று. ஊசியிலை மரங்களோ ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருப்பன.

ஃப்ரீட்ரிக்கின் மரங்கள் பற்றிய விவாதம் முழுவதும் இந்த எளிய இயற்கை உண்மையைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம். அவர் வரைந்த மரம் இறந்துவிட்டதா, உறங்குகின்றதா? பெரும்பாலான ஓவியங்களில் அவர் இதற்கு விடை தருவதில்லை. விடை தரும் ஓவியங்களும் சில உண்டு. அவை பின்னர் விளக்கப்படுகின்றன.

வரையும் முறை

இம்மரங்கள் குறியீடுகளாகக் கருதப்பட்டாலும் அவை கற்பனையில் உருவானவை அல்ல. ஃப்ரீட்ரிக் வெளியே சென்று தனித்தனி மரங்களைப் பென்சிலால் மிக நுணுக்கமாக வரைந்து, பல தாள்களில் நாளையும் குறித்து வைத்தார். பட்டையின் வெடிப்பு, முறிந்த கிளையின் அடிக்கட்டை, சிறுகிளைகள் வளையும் கோணம் ஆகியன இத்தாள்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. பின்னர் ஓவியக்கூடத்தில் எண்ணெய் ஓவியம் வரையும்போது இத்தாள்களிலிருந்து வேண்டிய மரங்களை எடுத்து அமைத்துக்கொண்டார். இதனால் ஒரே ஓக் மரம் பல ஆண்டுகள் இடைவெளியில் வெவ்வேறு ஓவியங்களில் வெவ்வேறு நிலங்களில் முளைத்திருப்பதைக் காணலாம்.

கட்டடங்களையும் அவர் இவ்வாறே இடம் மாற்றினார். கிரைஃப்ஸ்வால்டுக்கு அருகில் 1199 இல் நிறுவப்பட்ட எல்டெனா சிஸ்டெர்சியன் மடாலயத்தின் இடிபாடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1830களில் வரைந்த ஓர் ஓவியத்தில், சமவெளிக் கடலோரத்தில் உள்ள இந்த இடிபாட்டை அவர் ரீசன்கெபிர்கே மலைத்தொடரின் அடிவாரத்தில் கொண்டுபோய் வைத்துள்ளார். எனவே ஃப்ரீட்ரிக்கின் ஓவியங்களில் பகுதிகள் மெய்யானவை, முழுமை அமைக்கப்பட்டது. மரங்கள் அவ்வளவு உறுதியாக ஏதோ ஒன்றைச் சொல்வதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம் எனத் தோன்றுகின்றது. எந்த மரமும் தற்செயலாக அங்கே நிற்கவில்லை.

பனியில் பெருங்கற்கல்லறை (1807)

டிரெஸ்டன் நவீன ஓவியர்கள் கூடத்தில் உள்ள இந்த ஓவியத்தில், வரலாற்றுக்கு முந்திய காலத்துக் கற்திட்டை ஒன்றைச் சூழ்ந்து மூன்று ஓக் மரங்கள் நிற்கின்றன. புயலில் உச்சி முறிந்த மரங்கள் இவை. மனிதர் எவரும் இல்லை. அடிவானமும் தெளிவாக இல்லை.

இரு வேறு விளக்கங்கள் மோதிக்கொள்வதை இந்த ஒரே ஓவியத்தில் காணலாம். ஃப்ரீட்ரிக்கின் ஓவியங்களைத் தொகுத்து 1973 இல் விரிவான பட்டியல் நூலைக் கார்ல் வில்ஹெல்ம் யேனிக்குடன் வெளியிட்ட ஹெல்முட் பெர்ஷ்-சூபான், ஓக் மரத்தையும் கற்திட்டையையும் கிறித்தவத்துக்கு முந்திய உலகப்பார்வையின் குறியீடுகளாகக் கொள்கின்றார். அவ்வகையில் இது காலம் முடிந்துபோன ஒரு சமயத்தின் ஓவியமாகும். மற்றொரு சாரார் காலச்சூழலைச் சுட்டுகின்றனர். 1806 இல் யேனா, ஔவர்ஸ்டெட் போர்களில் பிரஷ்யா நெப்போலியனிடம் தோற்றது. அடுத்த ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் பொமரேனியாவுக்குள்ளும் புகுந்தன. அந்நேரத்தில் மூதாதையரின் கல்லறையையும் அதனைக் காத்து நிற்கும், முறிந்தும் விழாத ஓக் மரங்களையும் வரைவது முற்றிலும் சமயம் சார்ந்த செயலாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பது இவர்களின் வாதம். ஓக் மரம் ஜெர்மானியரிடையே நாட்டுப்பற்றின் அடையாளமாக வளர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. முதல் விளக்கத்தில் இறந்துபோன மரமாக இருப்பது, இரண்டாவதில் உயிரோடு தாங்கி நிற்கும் மரமாகிவிடுகின்றது.

ஓக் காட்டில் மடாலயம் (1809–1810)

ஃப்ரீட்ரிக்கின் குளிர்கால ஓவியங்களுள் மிகவும் அறியப்பட்டது இதுவாகும். 110.4 × 171 செ.மீ. அளவுள்ள இந்த எண்ணெய் ஓவியம் பெர்லினில் உள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. ஏறத்தாழ இதே அளவுள்ள "கடலோரத்தில் துறவி" என்னும் ஓவியம் இதன் இணை ஆகும். 1810 செப்டம்பரில் கவிஞர் கேத்தே, டிரெஸ்டனில் இருந்த ஃப்ரீட்ரிக்கின் ஓவியக்கூடத்துக்குச் சென்று இவற்றைக் கண்டார். அதே ஆண்டு பெர்லின் கலைக் கழகக் கண்காட்சியில் இரண்டும் வைக்கப்பட்டன. துறவியின் ஓவியம் மேலும் மடாலயம் கீழுமாகத் தொங்கவிடப்பட்டிருந்தன. பட்டத்து இளவரசரின் தூண்டுதலால் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் இரண்டையும் வாங்கினார். ஃப்ரீட்ரிக் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

ஓவியத்தின் நடுவில் கோதிக் பாணிப் பெருஞ்சாளரம் கொண்ட ஒற்றைச் சுவர் நிற்கின்றது. எல்டெனா இடிபாடே இதன் மூலம். கூரையும் பிற சுவர்களும் போய்விட்டன. துறவியர் சிலர் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வாயிலை நோக்கிச் செல்கின்றனர். வாயிலில் சிலுவையும் அதன் இருபுறமும் இரு சிறு விளக்குகளும் உள்ளன. முன்னே பனியில் ஒரு குழி திறந்து கிடக்கின்றது. ஊர்வலம் அதனைக் கடந்து செல்கின்றது. சுற்றிலும் சாய்ந்த கல்லறைச் சிலுவைகள் உள்ளன.

ஓவியத்தின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை கொண்டது. ஏறத்தாழ கீழ்ப்பாதி முழுவதும் இருண்ட மூடுபனி. மேற்பாதி மங்கிய மஞ்சள் ஒளி படர்ந்த வானம். வானில் மெல்லிய பிறை உள்ளது. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை மென்மையாகக் கரைந்துபோகின்றது. மனிதர்களும் கல்லறைகளும் இருளுக்குள்ளேயே இருக்கின்றனர். அந்த எல்லையைக் கடந்து ஒளிக்குள் செல்பவை இரண்டே: சுவரின் மேற்பகுதியும் ஓக் மரங்களின் கிளைகளும். மரங்களின் அடிமரம் இருளில் வேரூன்றியிருக்க, அவற்றின் நுனிக்கிளைகள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன.

இந்த நுனிக்கிளைகளைக் கவனித்தல் வேண்டும். நெடுங்காலத்துக்கு முன் பட்டுப்போன மரத்தில் மெல்லிய சிறுகிளைகள் நிலைத்திருப்பதில்லை. காற்றில் முதலில் முறிந்து விழுபவை அவையே. இங்கோ சில கிளைகள் முறிந்து மொட்டையாகியும், வேறு சில நுனிவரை நுண்மையாகப் பிரிந்தும் உள்ளன. ஓவியத்தை முற்றிலும் சாவின் ஓவியமாகப் படிப்போர் இதனைப் பெரும்பாலும் கவனத்தில் கொள்வதில்லை. சுவருக்கு உயிர் திரும்பாது. மரங்களுக்குத் திரும்பக்கூடும்.

வானத்து ஒளி விடியலா அந்தியா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. சவப்பெட்டியில் இருப்பவர் இணை ஓவியத்தில் கடலை நோக்கி நின்ற அதே துறவி என்று கருதுவோர் உண்டு. அது ஃப்ரீட்ரிக்கே என்றும் கூறப்படுவதுண்டு.

2013 முதல் 2016 வரை இரு ஓவியங்களும் பெர்லினில் செப்பனிடப்பட்டன. பிற்காலத்தில் பூசப்பட்டுப் பழுப்பேறியிருந்த மெருகெண்ணெயும் மேற்பூச்சுகளும் அகற்றப்பட்ட பின்னர் வானத்தின் மெல்லிய நிற மாற்றங்கள் மீண்டும் தெரியலாயின. பழைய நூல்களில் அச்சான படங்கள் காட்டும் கரும்பழுப்பு நிறத்தை ஓவியரின் நோக்கமாகக் கொள்ளலாகாது.

எல்டெனா இடிபாட்டையே ஃப்ரீட்ரிக் 1824–25 ஆண்டளவில் கோடைகாலத் தோற்றத்திலும் வரைந்துள்ளார். அதில் செங்கற் சுவர்களைப் பச்சை மரங்கள் மூடியிருக்கின்றன. இடிபாட்டுக்குள் ஒரு சிறு குடிசையும் மனிதரும் உள்ளனர். இதுவும் பெர்லினில் அதே ஓவியக்கூடத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர்களுக்குக் குளிர்காலம் ஃப்ரீட்ரிக்கிடம் எவ்வளவு வேலை செய்கின்றது என்பது நூல் விளக்கம் இன்றியே புரியும்.

இரு குளிர்கால நிலக்காட்சிகள் (1811)

மேலே சொன்ன, விடை தரும் ஓவியங்கள் இவையே. இரண்டும் ஏறத்தாழ 33 × 45 செ.மீ. அளவுள்ள சிறிய ஓவியங்கள். ஷ்வெரீன் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், ஊன்றுகோல் ஏந்திய சிறு உருவம் ஒன்று எல்லையற்ற பனிவெளியில் நிற்கின்றது. அதனைச் சுற்றி வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளும் பட்டுப்போன முறுக்கிய ஓக் மரங்களும் உள்ளன. இங்கு ஐயத்துக்கு இடமில்லை. அடிக்கட்டை மீண்டும் காடாவதில்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1987 இல் வாங்கிய மற்றோர் ஓவியத்திலோ, ஊன்றுகோல்கள் பனியில் எறியப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுக்கு உரியவர் பாறையில் சாய்ந்தபடி, இளம் ஊசியிலை மரங்களின் நடுவே உள்ள சிலுவையை நோக்கி வேண்டுகின்றார். பின்னால் மூடுபனிக்குள் ஒரு கோதிக் தேவாலயம் தெரிகின்றது. அதன் கோபுரங்களின் வடிவம் முன்னால் உள்ள மரங்களின் வடிவத்தை அப்படியே ஒத்திருக்கின்றது. பனியைத் துளைத்துக்கொண்டு புல்லின் நுனிகள் வெளிவருகின்றன. இதன் மற்றொரு படி டோர்ட்முண்ட் நகரில் உள்ளது. மூடுபனியின் தோற்றத்தைப் பெற ஃப்ரீட்ரிக் ஸ்மால்ட் என்னும் நிறமியைப் பயன்படுத்தினார் என்பது லண்டனில் செய்யப்பட்ட ஆய்வில் அறியப்பட்டது. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியைப் பொடித்துச் செய்யப்படும் இந்நிறமியைத் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்துள்ளார்.

ஊசியிலை மரங்களின் பொருள் பற்றி நமக்கு ஓவியரின் சொந்த வாக்குமூலமே உண்டு. "மலைகளில் சிலுவை" (1808) என்னும் ஓவியம் கடுமையாகத் தாக்கப்பட்டபோது, ஃப்ரீட்ரிக் அதற்கு ஒரு விளக்கம் எழுதினார். சிலுவையைச் சுற்றி என்றும் பசுமையாக நிற்கும் மரங்கள், சிலுவையில் அறையப்பட்டவர் மீது மனிதர் கொண்ட நம்பிக்கையை ஒத்தவை என்பது அவ்விளக்கத்தின் ஒரு பகுதியாகும். ஓக் மரம் பழஞ்சமயத்தைக் குறிக்கின்றது என்னும் கருத்து பிற்கால ஆய்வாளர்கள் ஓவியங்களை ஒப்பிட்டு வருவித்த முடிவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல அறிமுக நூல்களில் மறைந்துபோகின்றது. ஓக் என்றால் இது, ஊசியிலை என்றால் அது என அகராதிபோல் ஓவியங்களைப் படிப்பது எளிது. ஆனால் ஃப்ரீட்ரிக்கின் எல்லா ஓக் மரங்களும் அந்த அகராதிக்குள் அடங்குவதில்லை.

ஊசியிலை மரங்கள்கூட எப்போதும் ஆறுதல் தருபவையாக இருப்பதில்லை. 1814 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட "காட்டில் குதிரைவீரன்" என்னும் ஓவியத்தில், குதிரையை இழந்த பிரெஞ்சு வீரன் ஒருவன் பனி மூடிய ஊசியிலைக் காட்டின் முன் தனியே நிற்கின்றான். அடிக்கட்டை ஒன்றில் காகம் அமர்ந்துள்ளது. நெப்போலியனின் படை தோல்வியுற்றுத் திரும்பிய காலத்தில் இதன் பொருள் பார்வையாளர்களுக்கு விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை.

பிற்கால ஓக் மரங்கள்

1820களில் ஃப்ரீட்ரிக்கின் மரங்கள் கல்லறைகளையும் இடிபாடுகளையும் விட்டு விலகித் தனித்து நிற்கத் தொடங்குகின்றன. 1822 இல் வங்கியாளர் யோகிம் ஹைன்ரிக் வில்ஹெல்ம் வாகனருக்காக வரைந்த "தனி மரம்" குளிர்கால ஓவியம் அன்று. பசுமையான சமவெளியில் நிற்கும் பெரிய ஓக் மரத்தின் அடியில் ஓர் இடையன் சாய்ந்து நிற்கின்றான். மரத்தின் கீழ்க்கிளைகளில் இலைகள் அடர்ந்துள்ளன. உச்சியோ பட்டுப்போய் வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றது. குளிர்கால ஓவியங்களில் விடையின்றி நின்ற கேள்வி இங்கு ஒரே அடிமரத்தில் இரு விடைகளையும் பெறுகின்றது எனலாம். வாகனரின் சேகரிப்பே 1861 இல் பெர்லின் தேசிய ஓவியக்கூடம் உருவாக அடித்தளமாயிற்று.

அதே காலத்தைச் சேர்ந்த "காக மரம்" பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இலையற்ற ஓக் மரத்தின் முறுக்கிய கிளைகள் அந்தி வானத்தில் பரவுகின்றன. காகங்கள் அதனை நோக்கி வருகின்றன. 1829 ஆம் ஆண்டைச் சேர்ந்த "பனியில் ஓக்" (71 × 48 செ.மீ.) இவற்றுக்கு மாறான அமைதி கொண்டது. தெளிந்த நீல வானத்தின் முன் ஒரு முதிய மரம், அவ்வளவே. சாவு ஊர்வலமோ சிலுவையோ இல்லை. ஃப்ரீட்ரிக் இருண்ட ஓவியர் என்னும் பொதுக் கருத்துக்கு இந்த நீல வானமே போதிய மறுப்பாகும்.

முன்னோடிகளும் தாக்கமும்

குளிர்கால மரங்களை முதலில் வரைந்தவர் ஃப்ரீட்ரிக் அல்லர். பீட்டர் புரூகல் 1565 இல் வரைந்த "பனியில் வேட்டைக்காரர்கள்" நன்கு அறியப்பட்டது. ஆனால் அங்கு குளிர்காலம் மனிதர்கள் உழைத்தும் விளையாடியும் கழிக்கும் ஒரு பருவம் மட்டுமே. பட்டுப்போன மரத்தையும் கல்லறையையும் இடிபாட்டையும் ஒருங்கே வைத்து நிலையாமையைக் காட்டியவர் நெதர்லாந்து ஓவியர் யாக்கோப் வான் ரய்ஸ்டேல். 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவருடைய "யூதக் கல்லறை" ஓவியத்தின் ஒரு வடிவம் டிரெஸ்டன் சேகரிப்பில் உள்ளது.

ஃப்ரீட்ரிக்குடன் ஒரே வீட்டில் வசித்த நோர்வே ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால், மாணவர் எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஏமெ ஆகியோர் குளிர்கால ஓவியங்களை வரைந்தனர். ஏமெயின் "குளிர்காலத்தில் பேராலயம்" (1821) ஃப்ரீட்ரிக்கை நெருங்கிப் பின்பற்றுகின்றது. டாலின் மரங்களோ காற்றும் ஈரமும் கொண்ட மரங்கள். குறியீட்டுச் சுமை குறைந்தவை.

எதிர்பாராத ஒரு தாக்கம் நாடகத்தில் ஏற்பட்டது. வேரோடு பாதி பெயர்ந்த இலையற்ற ஓக் மரத்தின் அருகே இருவர் நிலவைப் பார்த்து நிற்கும் ஃப்ரீட்ரிக்கின் ஓவியத்தை எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் 1937 இல் டிரெஸ்டனில் கண்டார். 1953 இல் பாரிசில் முதன்முறையாக மேடையேறிய "கோடோவுக்காகக் காத்திருத்தல்" நாடகத்துக்கு ஃப்ரீட்ரிக்கின் நிலவு ஓவியமே மூலம் எனப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். அந்நாடகத்தில் மேடையில் உள்ள ஒரே மரம் முதல் அங்கத்தில் வெறுமையாக நிற்கும். இரண்டாம் அங்கத்தில் அதில் சில இலைகள் இருக்கும்.

இழந்த ஓவியங்கள்

ஃப்ரீட்ரிக் தம் இறுதிக் காலத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தார். 1906 இல் பெர்லினில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியே அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாட்சிகள் அவரைத் தம் கொள்கைக்குப் பயன்படுத்தியதால், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் சில காலம் அவர் பெயர் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. 1972 இல் லண்டனிலும் 1974 இல் ஹாம்பர்க், டிரெஸ்டன் நகரங்களிலும் நடைபெற்ற கண்காட்சிகளுக்குப் பின் இந்நிலை மாறியது. பிறந்து 250 ஆண்டுகள் நிறைவுற்ற 2024 ஐ ஒட்டி ஹாம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் பெருங்கண்காட்சிகள் நடைபெற்றன. 2025 இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒரு கண்காட்சி நடைபெற்றது.

ஆயினும் குளிர்கால ஓவியங்களுள் இரண்டை எந்தக் கண்காட்சியும் திரும்பக் கொண்டுவர இயலாது. 1807 இல் வரைந்த "கோடை" என்னும் ஓவியத்துக்கு இணையாக ஃப்ரீட்ரிக் "குளிர்காலம்" என்னும் ஓவியத்தையும் வரைந்திருந்தார். 1931 சூன் 6 அன்று மியூனிக் கண்ணாடி மாளிகையில் ஏற்பட்ட தீயில் அது எரிந்துபோனது. "கோடை" மட்டும் மியூனிக் புதிய ஓவியக்கூடத்தில் உள்ளது. "ஓக் காட்டில் மடாலயம்" ஓவியத்தின் கருவை விரிவுபடுத்தி 1817–1819 இல் வரைந்த "பனியில் மடாலயக் கல்லறை" 1945 இல் பெர்லினில் போரின்போது அழிந்தது. அதில் இடிந்த ஆலயத்தின் இருபுறமும் நின்ற பேருருவ ஓக் மரங்களை இன்று கருப்பு வெள்ளை ஒளிப்படங்களில் மட்டுமே காண இயலும்.